சொத்தையை நிறுத்தும் வெள்ளி மருந்து: வாசகர் கேள்விகளுக்குக் குழந்தைகள் பல் மருத்துவரின் பதில்கள்

சென்ற இதழில் பாற்பல் சொத்தை பற்றி எழுதியபோது, துளையிடாமலும் ஊசி போடாமலும் ஒரு துளி மருந்தைத் தடவியே சொத்தையை நிறுத்திவைக்க முடியும் என்று சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற மருந்தை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இம்முறை கடிதங்கள் மிகுதியாக வந்திருக்கின்றன. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். எழுதுவதற்கு எளிதாக அதை இனி 'வெள்ளி மருந்து' என்றே குறிப்பிடுகிறேன்.

என் மகனுக்கு மூன்றரை வயது. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் பழுப்பேறி, ஈறோரத்தில் கரைந்துகொண்டே வருகின்றன. கடைவாய்ப் பற்கள் இரண்டில் குழி விழுந்திருக்கிறது. முதலில் பார்த்த மருத்துவர், முழு மயக்கம் கொடுத்து ஒரே நாளில் எல்லாப் பற்களுக்கும் சிகிச்சை செய்துவிடலாம் என்றார். இரண்டாவது மருத்துவர், மருந்து தடவினாலே போதும், ஆனால் பல் கறுத்துவிடும் என்றார். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது?
வாசகி, மதுரை

இருவர் சொன்னதும் சரியாக இருக்கலாம். எது சரி என்பதை முடிவு செய்வது சொத்தையின் ஆழம்தான். பல்லின் நடுவே இரத்தக் குழாய்களும் நரம்பும் உள்ள மென்மையான கூழ் இருக்கிறது. சொத்தை அந்தக் கூழை எட்டிவிட்டதா, எட்டாமல், பல்லின் வெளிக்கவசமான எனாமலுக்கும் கூழுக்கும் இடையிலுள்ள டென்டின் அடுக்கிலேயே நிற்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். குழந்தை நள்ளிரவில் பல்வலியால் எழுந்து அழுகிறானா, எதுவும் சாப்பிடாத நேரத்திலும் தானாக வலிக்கிறதா, அந்தப் பல்லின் மேலுள்ள ஈற்றில் சிறு கொப்புளம் தோன்றிச் சீழ் வருகிறதா, முகம் வீங்கியதுண்டா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பல்லுக்கு வெள்ளி மருந்து பயன்படாது. கூழுக்குச் சிகிச்சை செய்யவோ பல்லை எடுக்கவோ வேண்டியிருக்கும். குளிர்ந்ததையோ இனிப்பையோ கடிக்கும்போது மட்டும் கூசி உடனே அடங்கிவிடுகிறது, அல்லது வலியே இல்லை என்றால் வெள்ளி மருந்துக்கு நல்ல வாய்ப்பு உண்டு. எக்ஸ்ரே எடுக்கக் குழந்தை ஒத்துழைத்தால் இன்னும் தெளிவாகத் தெரிந்துவிடும்.

மருந்து தடவுவதைப் பார்த்தால் உங்கள் அச்சத்தில் பாதி நீங்கிவிடும். தாயும் மருத்துவரும் முழங்காலோடு முழங்கால் படும்படி எதிரெதிரே அமர்ந்துகொள்வோம். குழந்தை தாயின் இடுப்பை இருபுறமும் காலால் கட்டியபடி மல்லாந்து, தலையை என் மடியில் வைத்துக்கொள்ளும். தாயின் முகம் அதன் கண்முன்னே இருக்கும். உதட்டிலும் ஈறோரத்திலும் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவிவிட்டுப் பல்லில் ஒட்டிய உணவையும் கிருமிப் படலத்தையும் துடைத்தெடுப்போம். இருபுறமும் பஞ்சுருளை வைத்து எச்சிலைத் தடுத்துப் பல்லை உலர்த்துவோம். பிறகு, குண்டூசித் தலையளவே உள்ள சிறு தூரிகையின் நுனியை மருந்தில் தொட்டு, சொத்தையின் மேல் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஊறவிட்டு, மிகுந்ததைப் பஞ்சால் ஒற்றியெடுத்துவிடுவோம். அம்மோனியாவின் காரநெடி மெல்ல வரும், நாக்கில் பட்டால் உலோகச் சுவை தெரியும். இவ்வளவுதான். சொத்தையின் மென்மையான பகுதியைக்கூடச் சுரண்டியெடுக்க வேண்டியதில்லை. சீனாவின் குவாங்சோ நகரில் 375 மழலைகளிடம் நடத்தி 2002-இல் வெளியான ஆய்வில், சுரண்டிவிட்டுத் தடவியதற்கும் சுரண்டாமல் தடவியதற்கும் பலனில் வேறுபாடு தெரியவில்லை.

பலன் எந்த அளவுக்கு என்று நீங்கள் கேட்பது நியாயம். ஹாங்காங் மழலையர் பள்ளிகளில் 888 குழந்தைகளை 30 மாதங்கள் பின்தொடர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 38 சதவீதச் செறிவுள்ள மருந்தை ஆண்டுக்கு இருமுறை தடவிய குழுவில் சொத்தைகளில் ஏறக்குறைய 76 சதவீதம் நின்றுவிட்டன. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தடவிய குழுவில் அது 67 சதவீதமாக இருந்தது. 12 சதவீத மருந்து இவ்விரண்டுக்கும் கீழே நின்றது. ஆகவே ஒருமுறை தடவிவிட்டு மறந்துவிடுவதற்கான மருந்தல்ல இது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் தடவ வேண்டும். நான்கில் ஒரு சொத்தை நிற்காமலும் போகலாம் என்பதை முன்னதாகவே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் மகனின் முன்பற்களில் பலன் நன்றாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு, ஏனெனில் தூரிகைக்கும் எச்சிலுக்கும் எட்டும் முன்பற்களில் இந்த மருந்து கடைவாய்ப் பற்களில் வேலை செய்வதைவிட நன்றாகவே வேலை செய்கிறது. கடைவாய்ப் பற்களில் குழி ஆழமாக இருந்து உணவு தேங்கினால், மருந்து தடவிய பின் அதன் மேல் கண்ணாடி அயனோமர் சிமெண்டால் அடைக்கலாம். அல்லது பல்லைத் தேய்க்காமலே எஃகுத் தொப்பியை அழுத்திப் பொருத்திவிடலாம். ஸ்காட்லாந்தில் தோன்றிய இந்த முறைக்கு ஹால் முறை என்று பெயர். இதற்கும் ஊசி வேண்டியதில்லை.

முழு மயக்கத்தை நான் குறை சொல்லவில்லை. சீழ் வைத்த பற்கள் பல இருந்தால் குழந்தையை வலியிலிருந்து மீட்க அதுவே கருணையான வழி. ஆயினும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நீண்ட நேரமோ திரும்பத் திரும்பவோ மயக்கம் கொடுப்பது குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016 டிசம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. கூழைத் தொடாத சொத்தையை வெள்ளி மருந்தால் நிறுத்தி, குழந்தை நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறக்கும் பக்குவம் வரும்வரை ஓரிரு ஆண்டுகளைச் சம்பாதித்துக்கொள்ள முடியும் என்றால், அந்த ஓரிரு ஆண்டுகளை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். முதல் மருத்துவரிடமே திரும்பிச் சென்று, "எந்தெந்தப் பல்லில் கூழ் பாதிக்கப்பட்டிருக்கிறது?" என்று பல் பல்லாகக் கேளுங்கள். அந்தப் பதிலிலேயே உங்களுக்கு வழி தெரிந்துவிடும்.

ஃபுளோரைடு பற்பசையால் பல் கறுப்பதில்லையே! இந்த மருந்து மட்டும் ஏன் கறுக்கவைக்கிறது? கறுக்காத வகை ஏதும் இல்லையா?
வாசகர், கோயம்புத்தூர்

கறுப்புக்குக் காரணம் ஃபுளோரைடு அல்ல, வெள்ளி. வாக்களித்த பின் இடக்கை விரலில் வைக்கிறார்களே, அந்தத் தேர்தல் மையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் சேர்வது சில்வர் நைட்ரேட் என்னும் வெள்ளி உப்பு. தோலில் உள்ள உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கறுத்து, எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாமல் நிற்கிறது. பல்லிலும் நடப்பது ஏறக்குறைய அதுவே. சொத்தையால் சுண்ணச்சத்தை இழந்து பஞ்சுபோல் ஆகிவிட்ட பகுதிக்குள் மருந்து ஊறி இறங்குகிறது. அங்கே வெள்ளிச் சேர்மங்கள் படிந்து முதலில் பழுப்பாகவும், நாட்கள் செல்லச் செல்லக் கருமையாகவும் மாறுகின்றன. நல்ல எனாமல் வழவழப்பாகவும் இறுக்கமாகவும் இருப்பதால் அதில் ஊற இடமில்லை, ஆகவே அது கறுப்பதும் இல்லை. மருந்து எங்கே கறுத்திருக்கிறதோ அந்த எல்லைதான் சொத்தையின் எல்லை. கண்ணுக்குத் தெரியாமல் இருந்த தொடக்கநிலைச் சொத்தையும் சில சமயம் அப்போது கறுத்து வெளிப்படும். தாய்மார்கள் இதைப் புதுச் சொத்தை என்று எண்ணி வருந்துவதுண்டு.

வெள்ளியை நீக்கிவிட்டால் மருந்தின் வலிமையில் பெரும்பகுதி போய்விடும். வெள்ளி அயனிகள்தான் சொத்தைக் கிருமிகளைக் கொல்கின்றன. மடிந்த கிருமிகள் தம்முள் தேக்கிவைத்த வெள்ளி, பிறகு வரும் உயிருள்ள கிருமிகளையும் கொல்வதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். டென்டினின் புரத இழைகளைச் சிதைக்கும் நொதிகளையும் வெள்ளி மருந்து தடுத்துவிடுகிறது. ஃபுளோரைடு, எச்சிலில் உள்ள சுண்ணத்தைச் சேர்த்துக்கொண்டு இழந்த தாதுவை மீட்டு, பல்லை அமிலத்துக்கு எளிதில் கரையாததாக்குகிறது. இந்த வேலைகள் ஒன்றாக நடப்பதால்தான், வெறும் ஃபுளோரைடு பூச்சால் முடியாததை இது செய்கிறது.

கருமையைக் குறைக்க ஒரு வழி உண்டு. வெள்ளி மருந்தைத் தடவிய உடனேயே பொட்டாசியம் அயோடைடு கரைசலைத் தடவினால், மிஞ்சிய வெள்ளி வெளிறிய மஞ்சள் நிற சில்வர் அயோடைடாக மாறிவிடும். இதனால் கறை குறையும், ஆனால் முற்றிலும் தவிர்க்க முடியாது. நாள்பட அந்த இடமும் ஓரளவு கறுக்கிறது. கருவுற்ற பெண்களுக்கும் தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் அயோடைடு கொடுக்கக் கூடாது.

என் பேத்தியைப் பல் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். "ஒரு மருந்து தடவுகிறேன்" என்று மட்டும் சொன்னார்கள். இரண்டு நாளில் முன்பற்கள் கரிபோல் ஆகிவிட்டன. அவளைப் பள்ளியில் கேலி செய்கிறார்கள். பல்லைக் கெடுத்துவிட்டார்களே என்று மருமகள் அழுகிறாள்.
வாசகி, திருநெல்வேலி

பல்லை அவர்கள் கெடுக்கவில்லை, அநேகமாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் உங்களிடம் சொல்லாமல் செய்தது தவறு, அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. தடவிய பிறகு பல் எப்படி இருக்கும் என்பதைப் படத்தோடு காட்டி, பெற்றோரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலைப் பெற்ற பிறகே இந்த மருந்தைத் தொட வேண்டும்.

இதை நான் வெறும் விதியாகச் சொல்லவில்லை. இந்த மருந்தைக் கையாளத் தொடங்கிய நாட்களில் ஒரு நாலு வயதுச் சிறுமியின் தாயிடம் "கொஞ்சம் கறுக்கும்" என்று வாயால் மட்டும் சொல்லியிருந்தேன். மறுவாரம் அவர் வந்து, "கொஞ்சம் என்றீர்களே டாக்டர், வீட்டில் ஒரு கல்யாணம், புகைப்படம் எடுக்கும்போதெல்லாம் குழந்தையைக் கையால் வாயைப் பொத்திக்கொள்ளச் சொன்னேன்" என்று சொன்னபோது, என்னிடம் பதில் இல்லை. 'கொஞ்சம்' என்ற சொல்லை நான் ஒரு மாதிரி நினைத்துச் சொன்னேன், அவர் ஒரு மாதிரி எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து, தடவுவதற்கு முன்பும் பின்பும் எடுத்த படங்களை மேசையிலேயே வைத்திருக்கிறேன். தாய் மட்டும் வந்திருந்தால் படத்தைத் தொலைபேசியில் எடுத்துக்கொண்டு போய் வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிட்டு வரச் சொல்கிறேன்.

இப்போது செய்யக்கூடியது என்னவென்றால், சொத்தை நின்றுவிட்டதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நின்றிருந்தால், கறுத்த இடத்தின் மேல் பல் நிறச் சிமெண்ட் வைத்தோ, முன்பற்களுக்கென்று உள்ள பல் நிறத் தொப்பி பொருத்தியோ மறைக்கலாம். அடியிலிருந்து சாம்பல் நிழல் சற்றுத் தெரியக்கூடும், ஆனால் கேலிக்கு இடமிருக்காது. பல்லின் கருமை தானாகவோ தேய்த்தோ போகாது. அடுப்புக்கரியாலோ, எலுமிச்சையும் உப்பும் வைத்தோ தேய்த்துப் பார்க்க வேண்டாம், எனாமல்தான் கரையும்.

பாற்பல் எப்படியும் விழப்போகிறதே, அதற்கு ஏன் இவ்வளவு பாடு?
வாசகர், அரியலூர்

முன்பற்கள் ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் விழும். ஆனால் பாற்கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. மூன்று வயதில் சொத்தையான பல்லோடு ஒரு குழந்தை ஏழெட்டு ஆண்டுகள் சோறு மென்றாக வேண்டும். பல் முன்கூட்டியே போய்விட்டால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்து, அடியிலிருந்து வரும் நிலைப்பல்லுக்கு வழியை அடைத்துவிடும். வலியால் தூங்காத குழந்தையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் காரணம் தேவைப்படாது.

எங்கள் ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். என் பற்களும் அதனால் பழுப்புக் கோடு விழுந்தவையே. பெரியவர்கள் சிலருக்கு மூட்டே மடங்காது. அப்படியிருக்க, ஃபுளோரைடு மருந்தை என் குழந்தைக்குத் தடவினால் நஞ்சில் நஞ்சு சேர்ந்ததாகாதா?
வாசகர், தருமபுரி மாவட்டம்

இந்தக் கேள்வியைக் கேட்க உங்களைவிட உரிமையுள்ளவர் யாரும் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் இதை உடம்பால் அறிந்தவர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பு, அதாவது மிகுந்த ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடுவதைத் தடுப்பது, என்பது சேர்ந்திருக்கிறது. ஆகவே சுற்றி வளைக்காமல் கணக்காகவே பதில் சொல்கிறேன்.

வெள்ளி மருந்தின் செறிவைக் கேட்டால் அச்சமாகத்தான் இருக்கும். சாதாரணப் பற்பசையில் பத்து லட்சத்தில் 1,000 பங்கு ஃபுளோரைடு என்றால், 38 சதவீத வெள்ளி மருந்தில் 44,800 பங்கு. ஆனால் நாம் பார்க்க வேண்டியது உடலுக்குள் போகும் மொத்த அளவை. மருந்தின் ஒரு துளி 25 மைக்ரோ லிட்டர், அதாவது ஒரு மில்லி லிட்டரில் நாற்பதில் ஒரு பங்கு என்று கணக்கிடப்படுகிறது. அதில் உள்ள ஃபுளோரைடு ஏறக்குறைய 1.1 மில்லி கிராம். ஒரு துளியைக் கொண்டே ஐந்து பற்கள் வரை தடவிவிடலாம். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் வகுத்த நெறிமுறை, 10 கிலோ எடைக்கு ஒரு துளி என்பதை ஒரு வருகைக்கான உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. இருபது கிலோ எடையுள்ள குழந்தைக்கு இரண்டு துளி வீதம் ஆண்டுக்கு இருமுறை தடவி, அது அவ்வளவும் வயிற்றுக்குள் போய்விட்டது என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு நாலரை மில்லி கிராம்தான்.

இதைக் குடிநீரோடு ஒப்பிடுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லி கிராம் ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாத நிலையில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 3 மில்லி கிராம் உள்ள ஆழ்துளைக் கிணற்று நீரை நாளுக்கு ஒரு லிட்டர் குடிக்கும் குழந்தையின் உடலுக்குள் ஓராண்டில் ஆயிரம் மில்லி கிராமுக்கு மேல் போகிறது. பல்லில் கோடு விழுவதும் எலும்பு இறுகுவதும் இப்படி நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் குடிப்பதால் வருபவை. பல்லில் விழும் கோடு, ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் பருவத்தில், அதாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள் நேர்வது. உங்கள் குழந்தைக்கு வெள்ளி மருந்தை மறுப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. குழந்தை குடிப்பதும், அதன் சோறு வேகும் உலை நீரும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறதா, காவிரிக் குழாயிலிருந்து வருகிறதா என்பதில் உங்கள் கவலை முழுவதையும் வையுங்கள். குடித்த ஃபுளோரைடு சொத்தைக்கு முழுக் காப்பும் அல்ல. கோடு விழுந்து, எனாமலில் குழிகள் ஏற்பட்ட பற்களிலும் சொத்தை வரும். அப்படிப்பட்ட குழிகளில் வெள்ளி மருந்தின் கறையும் பிடிக்கக்கூடும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

இது புதிதாக வந்த மருந்தா? நம் குழந்தைகள் மேல் சோதித்துப் பார்க்கிறார்களா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

வெள்ளி உப்பைச் சொத்தைக்குத் தடவும் பழக்கம் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. 1917-இல் பெர்சி ஹோவ் என்ற அமெரிக்கர் சில்வர் நைட்ரேட்டோடு அம்மோனியாவைச் சேர்த்த கரைசலை அறிமுகப்படுத்தினார். 'ஹோவ் கரைசல்' என்ற பெயரில் அது நெடுங்காலம் புழங்கியது. அதற்கு அடுத்த பெரிய அடியை ஜப்பான் எடுத்து வைத்தது. ஒசாகா பல்கலைக்கழகத்தில் மிசுஹோ நிஷினோ என்ற பெண் ஆய்வாளர், வெள்ளியின் கிருமிக் கொல்லும் திறனையும் ஃபுளோரைடின் உறுதியாக்கும் திறனையும் ஒரே கரைசலில் இணைப்பதைத் தம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்து 1969-இல் முடித்தார். அடுத்த ஆண்டே அது 'சஃபோரைடு' என்ற பெயரில் ஜப்பானில் மருந்தாக ஏற்கப்பட்டது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஜப்பானில் மணமான பெண்கள் இரும்புக் கரைசலையும் துவர்ப்புள்ள காய்ப் பொடியையும் கலந்து பற்களைக் கறுப்பாக்கிக்கொள்வதை அழகென்று போற்றிய 'ஒஹகுரோ' என்னும் வழக்கம், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இருந்தது. கறுத்த பல்லைக் கண்டு நாம் இன்று அடையும் துயரம் எல்லாக் காலத்துக்கும் எல்லா ஊருக்கும் பொதுவானதல்ல என்பதை எண்ணும்போது எனக்கு ஓர் ஆறுதல் தோன்றுகிறது.

அமெரிக்காவில் இந்த மருந்துக்கு 2014-இல்தான் அனுமதி கிடைத்தது. அதுவும் பல்கூச்சத்தைக் குறைக்க என்ற பெயரில். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவிலேயே இப்போது தயாராகிறது. ஆகவே ஐயா, அரை நூற்றாண்டுக்கு மேல் குழந்தைகளின் வாயில் பழகிவந்த மருந்து இது. நம்மிடம் வந்து சேரத்தான் தாமதமாகியது.

இணையத்தில் இந்த மருந்துக் குப்பி விற்பனைக்கு இருப்பதைக் கண்டேன். நாங்களே வாங்கி வீட்டில் தடவலாமா?
வாசகர், சென்னை

கூடாது. தடவுவது எளிது, தடவலாமா என்று முடிவு செய்வது எளிதல்ல. கூழை எட்டிய சொத்தையின் மேல் தடவிவிட்டு, மேலே கறுத்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போதே உள்ளே சீழ் வளரும். வெள்ளி ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், வாயில் புண் இருக்கும்போதும் இதைத் தடவுவதில்லை. ஈற்றில் பட்டால் அந்த இடம் வெளுத்து எரியும், இரண்டு நாளில் ஆறும். உதட்டிலும் விரலிலும் பட்ட கறை ஒன்றிரண்டு வாரத்துக்குள் தோலோடு உதிர்ந்து போய்விடும், ஆனால் சட்டையிலும் தரையிலும் பட்டது போகாது. குப்பி ஒரு குழந்தையின் கையில் கிடைத்தால் என்னவாகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். மருந்து மருத்துவரிடமே இருக்கட்டும். நீங்கள் வீட்டில் தடவ வேண்டியது ஃபுளோரைடு பற்பசையை மட்டுமே: மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, அதன் பின் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு.

என் தந்தைக்கு 79 வயது. பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கிறார். ஈறு இறங்கிப்போய், பற்களின் வேர்ப்பகுதி வரிசையாகச் சொத்தையாகிறது. மருத்துவமனைக்கு அழைத்துப் போவதே பெரும்பாடு. பெரியவர்களுக்கும் இந்த மருந்து உண்டா?
வாசகி, திருச்சிராப்பள்ளி

உண்டு, அவரைப் போன்றவர்களுக்கு இது பெரிய துணை. நம் நாட்டில் இதைக் குழந்தைகளின் மருந்தாகவே பேசிக்கொண்டிருக்கிறோம், முதியவர்களை மறந்துவிடுகிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம். ஈறு இறங்கும்போது வெளிப்படும் வேருக்கு எனாமல் கவசம் கிடையாது. எனாமலைக் கரைக்கப் போதாத மெல்லிய அமிலமே வேரைக் கரைத்துவிடும். இரத்த அழுத்தம், மனச்சோர்வு முதலியவற்றுக்கு உண்ணும் மாத்திரைகளில் பல எச்சிலைக் குறைத்துவிடுகின்றன. ஒரு கை செயலிழந்தவர் தாமே பல் துலக்கவும் முடியாது. இவ்வளவும் சேர்ந்தால், கழுத்தோரத்தில் பல் வெட்டுண்டதுபோல் ஒடிந்து விழும். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்று வாய் வறண்டவர்களுக்கும் இதே நிலைதான்.

வெள்ளி மருந்துக்கு மின்சாரமோ துளைக்கருவியோ தேவையில்லை. தலையைச் சற்று உயர்த்தி வைத்து, ஒரு கைவிளக்கும் பஞ்சும் கொண்டு கட்டிலருகிலேயே தடவிவிடலாம். வீட்டுக்கு வந்து பார்க்கும் பல் மருத்துவரோ, அருகிலுள்ள பல் மருத்துவக் கல்லூரியின் சமூகப் பல் மருத்துவத் துறையோ உதவக்கூடுமா என்று விசாரியுங்கள். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வேர்ச் சொத்தைக்கு 38 சதவீத மருந்தை ஆண்டுக்கு ஒருமுறை தடவுவதை ஒரு வழியாகச் சொல்கிறது. கருமை வேரோரத்தில்தான் இருக்கும், பெரும்பாலும் உதட்டுக்குள் மறைந்துவிடும். ஆயினும் அவரிடம் கேட்டுவிட்டே தடவுங்கள். பேச முடியாவிட்டாலும், படத்தைக் காட்டினால் கண்ணாலோ தலையசைத்தோ சொல்லிவிடுவார்.

மூன்று மாதங்களுக்கு முன் என் மகளுக்கு இந்த மருந்தைத் தடவினார்கள். பல் கறுத்துவிட்டது. சொத்தை உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று நாங்களே எப்படி அறிந்துகொள்வது?
வாசகர், ஈரோடு

கறுத்துவிட்டதால் மட்டும் நின்றுவிட்டது என்று கொள்ளக் கூடாது. நான் தடவிய இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் குழந்தையை வரச்சொல்லி, பல்லை உலர்த்தி, முனை மழுங்கிய கருவியால் சொத்தையின் மேல் மெல்ல வருடிப் பார்ப்பேன். நின்ற சொத்தை கருங்கல்லை மெருகேற்றியதுபோல் கறுத்து மின்னும், கருவி வழுக்கிக்கொண்டு போகும், கீச்சென்று ஒரு மெல்லிய ஒலிகூட வரும். நிற்காத சொத்தை மங்கிய பழுப்பாக, ஊறிய தோல்போல் இருக்கும், கருவியின் முனை சற்று அமுங்கும். அமுங்கினால் அன்றே மீண்டும் தடவுவேன்.

வீட்டில் நீங்கள் குத்திப் பார்க்க வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை, சன்னலோர வெளிச்சத்தில் உதட்டை உயர்த்தி ஒரே கோணத்தில் தொலைபேசியில் படம் எடுத்துவையுங்கள். கருமையின் ஓரத்தில் புதிதாக மஞ்சளோ பழுப்போ படர்ந்தால், குழி பெரிதானால், விளிம்பு உடைந்தால், வலியோ ஈற்றுக் கொப்புளமோ தோன்றினால் ஆறு மாதம் வரை காத்திருக்க வேண்டாம். படலம் படிந்த பல்லில் மருந்து தோற்றுப்போகும் என்பதால், இரவுத் துலக்கலை அவளிடம் விட்டுவிடாமல் நீங்களே செய்யுங்கள். துலக்கிய பின் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாய்க்குள் போகக் கூடாது. இன்னும் பால் புட்டியோடு உறங்கும் பழக்கம் இருந்தால், புட்டியில் பாலுக்குப் பதில் வெந்நீரை ஆறவைத்துக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று இரவுகள் அழுவாள், பிறகு விட்டுவிடுவாள். அடுத்த பூச்சுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அந்த நாளை இப்போதே நாட்காட்டியில் குறித்துவைத்து, எடுத்த படங்களோடு செல்லுங்கள்.